திருகோணமலையில் குசினிக்குள் போகாத இரண்டு நாள்

சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வவுனியாவில் பேருந்து ஏறும்போதே மகள் என்னிடம் வாக்கு வாங்கிவிட்டாள். இரண்டு நாளும் திருகோணமலையில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் நான் மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். குசினிக்குள், அதாவது சமையற்கட்டுக்குள், கால் வைக்கக்கூடாது. கை கழுவப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்பக்கம் நழுவுவதும் இந்தத் தடைக்குள் அடங்கும்.

இப்படியும் ஒரு நிபந்தனையா என்று வாசிப்பவர்கள் கேட்கக்கூடும். நான் இருபத்தாறு வருடமாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊரில் பி.எச்.ஐ. என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குள் புகுவது, குளிர்ப்பெட்டியைத் திறப்பது, சமைப்பவரின் நகத்தைப் பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. அலுவலகம் முடிந்தாலும் அது முடிவதில்லை. ஒருமுறை எங்கள் கலியாண நாளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு கடைக்குப் போய், கை கழுவ எழும்பியவன் நாற்பது நிமிடம் கழித்துத்தான் மேசைக்குத் திரும்பினேன். என் மனைவி சுகந்தி இரண்டு ஐஸ்கிரீமையும் தானே சாப்பிட்டு முடித்துவிட்டு என் கதிரையில் கைப்பையை வைத்திருந்தாள்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் மகள் கீர்த்தனா. இருபத்தேழு வயது, பள்ளிக்கூட ஆசிரியை. கூடப் படித்த பிரதீபனைக் கட்ட விரும்புகிறாள். பிரதீபன் தாயுடன் சேர்ந்து திருகோணமலை உள்துறைமுக வீதிப் பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். தகப்பன் இல்லை. ஞாயிறு மத்தியானம் எங்களுக்கு அங்கே விருந்து. இரண்டு பக்கமும் மனம் ஒத்தால் அன்றைக்கே கலியாணத்துக்கு நாள் பேசுவதென்று ஏற்பாடு. உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, என் மகள் போய்ப் பிடித்தது சாப்பாட்டுக் கடைக்காரரை.

“சனிக்கிழமை முழுக்க ஊர் சுத்திச் சாப்பிடுவம் அப்பா. சாதாரண மனிசர் மாதிரிச் சாப்பிட்டுப் பழகுங்கோ. ஒத்திகை எண்டு வையுங்கோவன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை வீட்டில் மரக்கறி மட்டும்தான், மீன் இறைச்சி தொடுவதில்லை என்பதால் சனிக்கிழமைதான் புறப்பட முடிந்தது. ஹொரவப்பொத்தானை வழியாகக் கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர். ஒன்பது இருபதுக்குத் திருகோணமலைப் பேருந்து நிலையத்தில் இறங்கினோம். இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது கடலுமல்ல, கோயிலுமல்ல. குப்பைத் தொட்டியடியில் இரண்டு மான்கள் நின்று, யாரோ எறிந்த சாப்பாட்டுப் பொலித்தீனை நக்கிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். நான் தொட்டியின் மூடி எங்கே என்று தேடினேன்.

“தொடங்கீட்டார்” என்றாள் சுகந்தி.

நிலையத்துக்கு எதிரே காலைச் சாப்பாடு. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், மூன்று பால் தேநீர். மொத்தம் 930 ரூபா. நாங்கள் அமர்ந்த கையோடு கேட்காமலே ஒரு தட்டு வந்து மேசையில் இருந்தது. எங்கள் நாட்டுக் கடைகளின் பழக்கம் அது. உள்ளே கறி வைத்துப் பொரித்த றோல்ஸ், பற்றிஸ், கூடவே வடை எல்லாம் குவித்து வைப்பார்கள். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். மிச்சம் அப்படியே அடுத்த மேசைக்குப் போகும். நான்கு மேசை சுற்றிய றோல்ஸைப் பத்துப் பேராவது அமுக்கிப் பார்த்திருப்பார்கள். இந்தத் தட்டுக்கு எதிராக நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு அலுமாரி நிறையும். ஒரு தந்திரமும் வைத்திருக்கிறேன். தட்டில் ஒன்றைக் கவிழ்த்து அடியில் பெருவிரல் நகத்தால் ஒரு கீறல். பிறகு வேறு மேசையில் போய் இருந்து தட்டுக் கேட்பேன். கீறல் திரும்பி வந்தால் கடைக்காரர் அகப்பட்டார்.

என் பெருவிரல் தானாக எழும்பியது. கீர்த்தனா என் கையைப் பிடித்து மேசைக்குக் கீழே கொண்டுபோனாள். சாப்பிட்டு முடியும்வரை விடவில்லை. நான் இடது கையால் தேநீர் குடித்தேன்.

பதினொன்றரைக்கு ஓட்டோ பிடித்துக் கிண்ணியாவுக்குப் போனோம். இருபது கிலோமீற்றர். போய், காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட 4,500 ரூபா. ஓட்டுநர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், அறுபதை நெருங்கியிருப்பார். நீளமான பாலத்தில் ஏறியதும் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் தண்ணீரைக் காட்டினார்.

“முந்தி இந்த இடத்தில பாதைதான் சேர்” என்றார். பாதை என்று அவர்கள் சொல்வது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை. “அவசரம் எண்டாலும் நிண்டுதான் வரணும். இப்ப ரெண்டு நிமிசம். ஆனா எங்கட ஆக்கள் இப்பயும் பிந்தித்தான் வருவாங்க.”

கிண்ணியாவில் கோழிப் புரியாணி ஒன்று 850 ரூபா. நல்ல சாப்பாடு என்று எழுதத்தான் வேண்டும். சோறு உதிரி உதிரியாக, கறுவாப்பட்டை மணக்க இருந்தது. பிறகு எருமைத் தயிரும் கித்துள் மரத்து இனிப்புப் பாணியும், கோப்பை 200 ரூபா. தயிர் கத்தி வைத்து வெட்டுமளவுக்கு இறுகியிருந்தது. நாக்கு மெச்சியது. ஆனால் கால் நிலத்தில் நிற்கவில்லை. என் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மேசையில் தண்ணீர்க் கிளாஸ் கிணுகிணுத்தது. எனக்கு முன்னால் ஒரு கதவு, கதவுக்கு அந்தப்பக்கம் குசினி. சட்டி விழும் சத்தம் ஒன்று கேட்டது. என்ன விழுந்தது, எடுத்துக் கழுவினார்களா, தெரியாது. மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் ஒன்றும் தெரியாமல் சாப்பிடுகிறார்களா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

திரும்பும் வழியில் ஓட்டுநர் பேச்சோடு பேச்சாகக் காரணத்தைக் கேட்டார். சுகந்தி சொல்லிவிட்டாள்.

“கலியாணம் முடிஞ்சா மகள் அங்க போய்த்தான் இரிக்கணுமா?” என்றார்.

“ஓம் நானா, மாப்பிள்ளையின்ர கடை அங்கதானே” என்றாள் சுகந்தி. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

“எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பொண்ட ஊட்டுக்கு வருவார். மகள் பொறந்த ஊட்டிலயே இரிக்கும். சோத்துக்கு உப்புக் கூடினாலும் நம்மட குசினி உப்புத்தான். உங்களுக்கு அப்பிடியில்ல, என்ன?” கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “சேருக்குக் கவலை இரிக்கத்தான் செய்யும்.”

அந்த மனிதர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குக் கவலை கூடியதுதான் மிச்சம். எத்தனை ஊர்க் குசினியைத் திறந்து பார்த்திருக்கிறேன். முகம் தெரியாதவர்கள் வயிறு கெடக்கூடாதென்று. என் பிள்ளை காலம் முழுக்கச் சாப்பிடப்போகும் குசினியை மட்டும் பார்க்காமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வர வேண்டுமா? கிண்ணியாவிலிருந்து திருகோணமலை வரை இதுவே ஓடியது.

ஐந்து மணிக்குக் கடற்கரை. இறால் வடை 150 ரூபா, மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவியது 100 ரூபா. வடை பொரித்த எண்ணெயின் நிறத்தை இங்கே எழுதப்போவதில்லை.

“நீங்கள் கடலைப் பாருங்கோ” என்று சுகந்தி என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். பார்த்தேன். குடா அமைதியாக இருந்தது. பிள்ளைகள் மணலில் ஓடினார்கள். முதுகுக்குப் பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும் கேட்டபடி இருந்தது.

ஏழரைக்குக் கொத்துரொட்டி, கோழி போட்டது 900 ரூபா. இரண்டு தகடும் இரும்புக் கல்லில் அடிக்கும் சத்தத்தில் பேச முடியாது. அதனால் நானும் ஒன்றும் சொல்ல முடியாமல் தப்பினேன். வாசலிலேயே போடுகிறார்கள், எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. கொத்துக்காரர் மீது எனக்குப் பாசமே வந்துவிட்டது. முப்பத்தைந்து நிமிடம் எழும்பாமல் இருந்தேன்.

“பாஸ் அப்பா” என்றாள் கீர்த்தனா. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால் அதற்குள் நான் அடுத்த நாளுக்கு ஒரு திட்டம் போட்டு முடித்திருந்தேன்.

ஞாயிறு காலை ஐந்து நாற்பது. கடற்கரைக்கு நடக்கப் போகிறேன் என்று சுகந்தியிடம் சொன்னேன். அவள் பாதி நித்திரையில் ம் என்றாள். விடுதியிலிருந்து உள்துறைமுக வீதிக்கு இருபது நிமிட நடை. அறிவிக்காமல் போனால்தான் ஒரு கடையின் உண்மை முகம் தெரியும். தொழில் எனக்குக் கற்றுத் தந்தது அதுதான். குசினிக்குள் போவதில்லை. வாக்கு வாக்குத்தான். ஒரு தேநீர் குடித்துவிட்டு, தட்டு என்ன பாடுபடுகிறதென்று பார்த்தால் போதும். மிச்சத்தை நானே ஊகித்துக்கொள்வேன். என் முகம் அங்கே யாருக்கும் தெரியாது. பிரதீபன் அந்த நேரம் மீன் வாங்கப் போயிருப்பார் என்று கீர்த்தனா எப்போதோ சொன்னதும் நினைவிருந்தது.

கடையின் பெயரை எழுதவில்லை. ஆறு மேசை, நீலச் சுவர். துறைமுக வேலைக்குப் போகிற ஆட்கள் ஏழெட்டுப் பேர் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லாவில் தலைக்குத் துணி கட்டிய ஒரு பெண், ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். பிரதீபனின் தாய் இராசமலர் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. பரிமாறுபவர் வந்தார், என் வயது ஆள்.

“ஒரு தேத்தண்ணி. தட்டும் வையுங்கோ” என்றேன்.

“எத்தினை றோல்ஸ் வேணுமெண்டு சொல்லுங்கோ ஐயா. அதைமட்டும் எடுத்துக்கொண்டு வாறன்.”

“இல்லை, தட்டோட வையுங்கோ. நான் பார்த்து எடுக்கிறன்.”

அவர் கல்லாப் பக்கம் பார்த்தார். அந்தப் பெண் தலையசைத்தார். இடுக்கியால் எடுத்து ஆறு றோல்ஸ் வைத்த தட்டு வந்தது. நான் ஒன்றைக் கவிழ்த்தேன். அடியில் நகத்தால் கீறினேன். மறுபடி நிமிர்த்தி வைத்தேன். தேநீர் நன்றாக இருந்தது. கிளாஸின் விளிம்பில் முந்தைய ஆளின் மணம் இல்லை. குடித்துவிட்டு, தட்டைத் தள்ளி வைத்து, வாசலோரம் இருந்த மேசைக்கு மாறி இருந்து, இன்னொரு தட்டுக் கேட்டேன்.

தட்டு வரவில்லை. அந்தப் பெண்தான் வந்தார். கையில் ஒரு கடதாசிப் பை.

“இந்தாங்கோ, உங்கட ஆறும்” என்றார். “நீங்கள் தொட்டதை வேற ஆருக்கும் குடுக்க ஏலாது. தட்டு வைக்கிற பழக்கத்தை நாங்கள் எப்பவோ விட்டிட்டம். நீங்கள் பிடிவாதமாக் கேட்டதால வைச்சது.”

பையை வாங்கினேன். என் காது சுட்டது.

“றோல்ஸைக் கவிட்டு அடியைப் பார்க்கிற ஆளை நான் இதுக்கு முதல் கண்டதில்லை” என்றார். குரலை உயர்த்தவில்லை. “கீர்த்தனா அனுப்பின படத்திலயும் இதே மீசைதான். மத்தியானம் வாங்கோ எண்டுதானே சொன்னனாங்கள் ஐயா?”

எத்தனையோ கடைக்காரர்கள் என் முன்னால் வாயடைத்து நின்றிருக்கிறார்கள். அன்றைக்கு நான் நின்றேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. நடக்க வந்தேன் என்று ஏதோ உளறியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்.

விடுதிக்கு இருபது நிமிட நடையை நாற்பது நிமிடம் நடந்தேன். கையில் சுடச்சுட ஆறு றோல்ஸ். எறிந்துவிடலாமா என்றும் தோன்றியது. வழியில் ஒரு மான் மூக்கை நீட்டிக்கொண்டு பின்னால் வந்தது. அதற்குக் கொடுத்தால் அது இன்னொரு பாவம். எனக்குப் பயமாக இருந்தது. அந்த அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. பிள்ளையின் வாழ்க்கையை என் பெருவிரல் நகத்தால் கீறிவிட்டேன்.

விடுதியில் கீர்த்தனா வாசற்படியில் இருந்தாள், கையில் கைப்பேசி. செய்தி எனக்கு முந்தி வந்துவிட்டது.

“அங்க குசினிக்குள்ள போகேல்லை” என்றேன். எனக்குச் சொல்ல இருந்தது அவ்வளவுதான்.

“ஓம் அப்பா, வாக்கு மாறேல்லை நீங்கள்” என்றாள். அழவில்லை, கத்தவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. “ஒரு வருசமா நான் பிரதீபனைப் பற்றிக் கதைச்சனான். அவர் எப்பிடிப்பட்டவர், தாய் எப்பிடிப்பட்டவ எண்டு. என்ர கதையில உங்களுக்கு நம்பிக்கை வரேல்லை. றோல்ஸைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது.”

“அவை என்ன சொல்லினம்?”

“அவற்ற அம்மா ஒண்டும் கதைக்கிறா இல்லையாம். மத்தியானம் வரட்டும் எண்டு மட்டும் சொன்னவவாம். வேண்டாம் எண்டு முகத்துக்கு நேர சொல்லத்தான் கூப்பிடுறாவோ தெரியாது.”

சுகந்தி பையைப் பிரித்து, ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்தாள். “நல்ல மரக்கறி றோல்ஸ்” என்றாள் யாருக்கென்று இல்லாமல். “இவர் இந்த வயசில களவாப் போய் வாங்கினதெண்டாலும் நல்லாத்தான் இருக்கு.” கீர்த்தனாவும் ஒன்றைச் சாப்பிட்டாள். மிச்ச நாலையும் நான் பையோடு மூடி வைத்தேன்.

எட்டரைக்குக் கோணேசர் கோயிலுக்கு ஏறினோம். மலைமுனையில் நின்றால் கீழே கடல் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறது. இவ்வளவு உயரத்தில் காற்றுக்கு உப்பு மணம் குறைவு. சனம் தேங்காய் உடைத்தது. வேண்டுதல் என்று எனக்கு ஒன்றுதான் இருந்தது, அதையும் ஒழுங்காகச் சொல்ல வாய் வரவில்லை. மணிக்கூட்டைப் பார்ப்பதும் செருப்பு விட்ட இடத்துக்கு நடந்து வருவதுமாக நின்றேன். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை நேரம் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பன்னிரண்டே கால். கடைக் கதவில் மூன்று மணி வரை பூட்டு என்று எழுதித் தொங்கியது. எங்களுக்காகத்தான். பிரதீபன் வாசலுக்கு வந்து கூட்டிப்போனார். உயரமான, அமைதியான பிள்ளை. கண்ணில் நித்திரைக் களை. பீங்கான் கோப்பைகளில் சோறு. பாரைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலை வறை, கத்தரிக்காய் பொரித்த குழம்பு, ரசம். இந்த இரண்டு நாளில் சாப்பிட்டவற்றுள் இதற்குத்தான் விலை எழுத முடியாது. இதற்குத்தான் ருசியும் எழுத முடியாது. நான் ருசி அறியவில்லை. இராசமலர் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். எனக்கும் பரிமாறினார், பேச்சு மட்டும் இல்லை.

ரசம் முடிந்ததும் நான் கையை உதறிக்கொண்டு சொன்னேன். “காலமை நான் செய்தது பிழை.”

“ஓம், பிழைதான்” என்றார் அவர், உடனே.

மேசையில் எல்லோரும் கோப்பையைப் பார்த்தார்கள்.

“கடை தொடங்கி இவ்வளவு காலத்தில எத்தினையோ பி.எச்.ஐ. மார் வந்து போயிட்டினம். எனக்குக் கோவம் வந்ததில்லை. அவை வேலைக்கு வந்தவை. நீங்கள் உறவுக்கு வந்தனீங்கள். உறவுக்கு வாறவை ஆரெண்டு சொல்லிக்கொண்டு வாறது.” கொஞ்சம் நிறுத்தினார். “என்ர பயம் வேற. கீர்த்தனா இஞ்ச வந்த பிறகும் நீங்கள் மாதத்துக்கு ஒருக்கா ஆருக்கும் சொல்லாமல் வந்து, அந்த மேசையில இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பியளோ எண்டு.”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் அதுவும் என் மனதில் இருந்தது.

அவர் என்னை விட்டுவிட்டுக் கீர்த்தனாவைப் பார்த்தார். “பிள்ளை, வாங்கோ, குசினியைக் காட்டுறன். உங்கட அம்மாவும் வரட்டும். இருக்கப்போறது நீங்கள். பிடிக்காட்டில் இப்பவே சொல்லுங்கோ, நான் குறை நினைக்கமாட்டன்.”

மூன்று பெண்களும் எழும்பிப் போனார்கள். துணித்திரை விழுந்தது. பிரதீபன் சங்கடப்பட்டார். “நீங்களும் போய்ப் பாருங்கோ மாமா. அம்மா ஒண்டும் சொல்லமாட்டா” என்றார்.

மாமா என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரைக்கும் எனக்கும் நடுவே நாலே எட்டு. என் கால் இரண்டும் மேசைக்குக் கீழே ஆடின.

“வேண்டாம் தம்பி” என்றேன். “நான் இஞ்சயே இருக்கிறன்.”

இருபத்தைந்து நிமிடம் இருந்தேன். குழாயில் தண்ணீர் ஓடியது. குளிர்ப்பெட்டிக் கதவு திறந்து மூடியது. நிதானமாக மூடியது என்பதைக் குறித்துக்கொண்டேன். சுகந்தி ஏதோ கேட்டாள். பிறகு மூவரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள், பிரதீபனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெளியே வந்தபோது இராசமலரின் முகம் இளகியிருந்தது. கீர்த்தனாவின் தலையில் அவருடைய தலைத்துணி.

“தை பிறக்கட்டும் அண்ணை” என்றார் என்னிடம். “நல்ல நாளாப் பாருங்கோ.”

மூன்றே கால் பேருந்தில் இடம் கிடைத்தது. கீர்த்தனா என் பக்கத்தில் இருந்தாள். என்னோடு கோபம் தீர்ந்துவிட்டது என்பது அவள் என் தோளில் சாய்ந்ததில் தெரிந்தது. கன்னியாத் திருப்பம் தாண்டும்வரை பொறுத்தேன். அதற்கு மேல் ஏலவில்லை.

“குளிர்ப்பெட்டியில பச்சை மீன் கீழ்த் தட்டிலதானே வைச்சிருக்கினம்?” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“வெட்டுற பலகை? மரக்கறிக்கு வேற, மீனுக்கு வேறயோ? எனக்கு மட்டும் சொல்லன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

“அப்பா” என்றாள், கண்ணைத் திறக்காமல், அன்பாகத்தான். “வேற ஆற்றையும் குசினியெண்டா எல்லாம் சொல்லியிருப்பன். அது எங்கட குசினி.”

சுகந்தி முன் இருக்கையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வயலும் பற்றைக்காடும் மாறி மாறி வந்தன. இருபத்தேழு வருடமாக இந்தப் பிள்ளை எங்கட என்று சொன்ன எல்லாவற்றிலும் நானும் இருந்தேன்.